மூவ் யுவர் ஃபீட்: ஜூனியர் சீனியர் பாட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே, எந்தப் பாட்டு இது?

கேட்டிருப்பீர்கள். பெயர் தெரியாமலேயே ஊர் உலகத்துக்குத் தெரிந்த பாட்டுகள் சில உண்டு, அவற்றில் இது ஒன்று. ட்ரம்பெட் மாதிரி ஓர் ஒலி வெட்டி வெட்டி வரும். ஓர் ஆண் பாதிப் பேச்சும் பாதிப் பாட்டுமாகக் கத்துவார். பெண்ணா, சிறுவனா என்று சந்தேகப்படும்படி ஓர் உச்சக் குரல் எல்லாரையும் ஆடக் கூப்பிடும். மொத்தம் மூன்று நிமிடம்தான். டென்மார்க்கைச் சேர்ந்த ஜூனியர் சீனியர் என்ற இருவர் குழு 2002இல் தங்கள் முதல் சிங்கிளாக, அதாவது ஆல்பத்திலிருந்து தனியாக எடுத்து விற்கும் பாட்டாக, வெளியிட்ட 'மூவ் யுவர் ஃபீட்' அது. தலைப்புக்கு அர்த்தம், 'காலை ஆட்டு'. அவ்வளவுதான், உள்ளர்த்தம் எதுவும் இல்லை.

யார் ஜூனியர், யார் சீனியர்?

யெஸ்பர் மோர்டென்சன் ஜூனியர். யெப்பே லௌர்சன் சீனியர். அப்பா பிள்ளை இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை, நண்பர்கள். சீனியர் வயதில் மூத்தவர், ஆளும் பெரியவர். ஜூனியர் ஒல்லி. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் புகைப்படத்தைப் பார்த்தால் பெயருக்கு விளக்கமே வேண்டியிருக்காது.

முதலில் லூடோ எக்ஸ் என்ற இசைக்குழுவில் இருந்தார்கள். அது கலைந்த பிறகு 1998இல் இருவருமாக இதைத் தொடங்கினார்கள். அன்றைய பத்திரிகைகள் இவர்களைப் பற்றி எழுதும்போது தவறாமல் சொன்ன இன்னொரு விஷயம்: சீனியர் தன்பால் ஈர்ப்பாளர், ஜூனியர் அப்படியில்லை. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை, சோகக் கதையாக்கவும் இல்லை. கிண்டலும் கும்மாளமுமாக அதை வைத்தே ஒரு பாட்டு போட்டுவிட்டார்கள். 2002இல் ஒரு பாப் குழு இதை இவ்வளவு இயல்பாக எடுத்துக்கொண்டது சின்ன விஷயமில்லை.

இந்தப் பெயர்களை எப்படி உச்சரிப்பது?

டேனிஷ் மொழியில் ஆங்கில 'ஜே' எழுத்துக்கு 'ய' ஒலி. ஜெஸ்பர் இல்லை, யெஸ்பர். ஜெப்பே இல்லை, யெப்பே. ஆனால் குழுவின் பெயர் ஆங்கிலம் என்பதால் ஜூனியர் சீனியர் என்றே சொல்லலாம்.

அந்த உச்சக் குரல் இவர்கள் இருவரில் யாருடையது?

இருவருடையதும் இல்லை. இந்தப் பாட்டைப் பற்றி எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் இதைத்தான் சொல்வேன்.

எல்லாரையும் காலை ஆட்டச் சொல்லிக் கூப்பிடும் அந்தப் பல்லவியைப் பாடியவர் தாமஸ் ட்ரோல்சன். சூப்பர்ஹீரோஸ் என்ற டேனிஷ் குழுவின் பாடகர், கூடவே இந்தப் பாட்டின் தயாரிப்பாளர். சினிமாவில் பணம் போடுகிறவரைத் தயாரிப்பாளர் என்கிறோமே, அந்தப் பொருளில் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து எந்த ஒலி எங்கே, எவ்வளவு சத்தமாக வரவேண்டும் என்று பாட்டைக் கட்டுகிறவர். கோபன்ஹேகனில் டெல்டா லேப் என்ற கூடத்தில் அவர் வேலை செய்தார்.

அவர் பாடியிருக்கும் விதத்துக்குக் கர்நாடக சங்கீதக்காரர்களிடம் ஒரு வார்த்தை உண்டு: கள்ளக்குரல். இயல்பான குரல் எட்டாத இடத்தில் தொண்டையை மெலிதாக்கிக்கொண்டு பாடுவது. நம் சங்கீத வாத்தியார்கள் அதைச் செய்தால் திட்டுவார்கள். மேற்கத்திய டிஸ்கோவில் அதற்கு ராஜ மரியாதை. எழுபதுகளின் டிஸ்கோ பாடகர்களில் எத்தனையோ பேர் அந்தக் குரலை வைத்துத்தான் பிழைத்தார்கள்.

இப்போது மறுபடியும் கேட்டுப் பாருங்கள். ஜூனியரும் சீனியரும் கத்துவது தரையில் நிற்கிறது. ட்ரோல்சனின் குரல் கூரையில் தொங்குகிறது. நடுவே இருக்கும் அந்த இடைவெளிதான் பாட்டுக்கு அகலத்தைக் கொடுக்கிறது. அந்தக் குரலை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது இரண்டு நண்பர்களின் ஜாலியான கூச்சல்தான். ஆனால் சிங்கிளின் அட்டையில் பாடகர் என்று ட்ரோல்சனின் பெயர் இல்லை. அதனால் இருபது வருடமாக இதைக் கேட்கிறவர்கள்கூட அது ஜூனியரின் குரல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன்.

எப்போது வந்தது, எந்த அளவுக்கு ஓடியது?

டென்மார்க்கில் 2002இல் வெளியிட்டது கிரஞ்சி ஃப்ராக் என்ற சின்ன கம்பெனி. கோபன்ஹேகனைச் சேர்ந்த இது பெரிய நிறுவனம் எதற்கும் கீழே இல்லாத சுயேச்சையான ஒன்று. தி ரேவொனெட்ஸ் குழுவின் முதல் வெளியீட்டைக் கொண்டுவந்ததும் இவர்கள்தான். சொந்த ஊரின் ஹிட் பாட்டுப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. அப்புறம் பெரிய கைகள் எடுத்துக்கொண்டன: பிரிட்டனில் மெர்குரி, அமெரிக்காவில் அட்லாண்டிக். 2003 மார்ச்சில் பிரிட்டன் சிங்கிள் பட்டியலில் மூன்றாம் இடம். முதல் சிங்கிளுக்கு, அதுவும் அங்கே யாருக்கும் தெரியாத இரண்டு பேருக்கு, இது பெரிய பாய்ச்சல்.

மூன்றாம் இடம்தானே, அது என்ன பெரிய விஷயம்?

இன்றைய கணக்கில் பார்க்கக்கூடாது. இப்போது போனில் ஒரு தட்டு தட்டினாலே அது பட்டியலில் ஒரு துளியாகச் சேர்ந்துவிடுகிறது. 2003இல் பிரிட்டன் பட்டியல் முழுக்க முழுக்க விற்பனையை வைத்துப் போட்டது. இணையத்தில் காசு கொடுத்து இறக்கிக்கொள்ளும் பாட்டுகள்கூட அந்தப் பட்டியலில் 2005இல்தான் சேர்ந்தன. ஆக, மூன்றாம் இடம் என்றால் அத்தனை பேர் கடைக்கு நடந்து போய், காசை எண்ணிக் கொடுத்து, ஒரே ஒரு பாட்டுக்காக ஒரு சிடி வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இது டெக்னோவா, டிஸ்கோவா, என்ன வகை?

டிஸ்கோ என்றால் பாதி சரி. மோட்டவுன் என்ற அமெரிக்கக் கம்பெனி அறுபதுகளில் வெளியிட்ட பாட்டுகளின் துள்ளல், எழுபதுகளின் டிஸ்கோ தாளம், கார் ஷெட்டில் கிட்டாரை வைத்துக்கொண்டு சத்தம் போடும் பையன்களின் முரட்டுத்தனம் மூன்றும் கலந்தது. அந்தக் காலத்து ஐரோப்பிய டான்ஸ் பாட்டுகள் பெரும்பாலும் சுத்தமான எலக்ட்ரானிக் ஒலியில் இருக்கும், துடைத்து வைத்த எவர்சில்வர் பாத்திரம் மாதிரி. இந்தப் பாட்டில் கொஞ்சம் அழுக்கு இருக்கிறது. குரல்கள் பிசிறடிக்கின்றன. ஒரு ராக் குழு டிஸ்கோ வாசித்தால் எப்படி இருக்குமோ அப்படி.

சரி, கேட்டதும் ஏன் கால் தானாக ஆடுகிறது?

மூன்று காரணம் சொல்லலாம், மூன்றாவதுதான் முக்கியம்.

வேகம் முதல் காரணம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 தட்டு, அதாவது நொடிக்கு இரண்டு. அணிவகுப்பில் நடப்பவர்களின் காலடி வேகமும் இதுதான். உடம்புக்குப் பழகிய வேகம் என்பதால் இதில் ஆடத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அப்புறம் பேஸ், அதாவது பாட்டின் அடியில் ஓடும் கனத்த ஒலி. அது சுரத்தை இழுத்துப் பிடிக்காமல் குதித்துக் குதித்துப் போகிறது. டிரம் நேராக விழும்போது பேஸ் கொஞ்சம் தள்ளி விழுந்தால் அந்தச் சின்ன இடைவெளியை நிரப்பக் கால் தானாகப் போகும். தவில் வாசிப்பில் அடி எதிர்பார்த்த இடத்தில் விழாமல் அரை நொடி தாமதித்தால் தலை தானாக ஆடுகிறதே, அதே கதை.

மூன்றாவது, திக்கல். பாட்டில் முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பத் திக்கிச் சொல்கிறார்கள். 'டி-டி-டோன்ட் டோன்ட் ஸ்டாப் தி பீட்' என்று ஆல்பத்துக்கே அந்தத் திக்கலைப் பெயராக வைத்துவிட்டார்கள். தாளத்தை நிறுத்தாதே என்று சொல்ல வந்தவன், தாளத்தில் மாட்டிக்கொண்டு வார்த்தையை முடிக்க முடியாமல் தவிப்பது மாதிரி. வாயே டிரம் ஆகிவிடுகிறது. நம் ஊரில் கொன்னக்கோல் சொல்வதும் வாயால் தாளம் போடுவதுதான், ஆனால் அதில் கணக்கு இருக்கும். இதில் கணக்கு கிடையாது, குஷி மட்டும்தான்.

இத்தனையும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. நீளமான முன்னிசை இல்லை, நடுவில் யாரும் கிட்டார் வாசித்துத் திறமை காட்டவில்லை. அலுப்புத் தட்டுவதற்குள் பாட்டு தானே எழுந்து போய்விடுகிறது. அதனால்தான் உடனே இன்னொரு முறை போடத் தோன்றுகிறது.

வரிகளுக்கு என்ன அர்த்தம்?

எல்லாரும் காலை ஆட்டுங்கள், ஒன்றாக உணருங்கள், தாளத்தை நிறுத்தாதீர்கள், என் கால் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. முடிந்தது. இதில் தத்துவம் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருந்தது.

வீடியோவில் வரும் அந்தக் கட்டம் கட்டமான படங்கள் என்ன?

பாட்டின் பாதிப் புகழ் அந்த வீடியோவுக்குத்தான். பழைய வீடியோ கேம் மாதிரி, பெரிய பெரிய சதுரப் புள்ளிகளால் ஆன உருவங்கள். ஜூனியரும் சீனியரும் அதில் புள்ளி மனிதர்களாக வருகிறார்கள். ஓர் அணில் வருகிறது. அதைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

செய்தவர்கள் ஷைனோலா. லண்டனைச் சேர்ந்த நான்கு நண்பர்கள் சேர்ந்து வைத்திருந்த அனிமேஷன் குழு அது. ரேடியோஹெட் குழுவின் 'பிரமிட் சாங்' வீடியோவை 2001இல் செய்தவர்களும் இவர்களே. அதில் கடலுக்கடியில் மூழ்கிய உலகம், மெதுவாக இறங்கும் ஒரு முக்குளிப்பவர், எங்கும் துக்கம். அதே கைகள் இரண்டு வருடத்துக்குள் இந்த அணிலையும் வரைந்தன என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது. பின்னால் 2010இல் வந்த 'ஸ்காட் பில்கிரிம்' படத்தின் ஆரம்ப டைட்டில்களும் இவர்கள் வேலைதான்.

நிஜமாகவே பழைய மென்பொருளில்தான் செய்தார்களா, இல்லை அப்படித் தெரியும்படி செய்தார்களா?

நிஜமாகவே. டீலக்ஸ் பெயிண்ட் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். டான் சில்வா எழுதி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1985இல் அமீகா கம்ப்யூட்டருக்காக வெளியிட்டது அது. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் கேம் ஓவியர்களுக்கு அதுதான் தூரிகை. 1990இல் வந்த மங்கி ஐலேண்ட் கேமின் படங்களும் அதில் போட்டவைதான். ஆக, 2003இல் உலகமே பார்த்த இந்த வீடியோவை வரைந்த கருவி அப்போதே பழைய சாமான்.

ஏன் இந்த வேலை என்று கேட்கலாம். அன்றைக்கிருந்த புது மென்பொருளில் ஒரு படத்தை வரைந்து, பிறகு அதைப் புள்ளி புள்ளியாக உடைத்துவிடலாமே? உடைக்கலாம், ஆனால் அது வேறு மாதிரி தெரியும். கோலம் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். முதலில் புள்ளியை வைத்துவிட்டால் கோடு அந்தப் புள்ளிகளுக்குக் கட்டுப்பட்டு வளையும். கோட்டை முதலில் இழுத்துவிட்டு அப்புறம் புள்ளி வைத்தால் அது கோலம் ஆகாது. குறைவான புள்ளிகளில் ஒரு முகத்தைக் காட்டவேண்டும் என்றால், எந்தச் சதுரம் கண், எந்தச் சதுரம் வாய் என்று ஒவ்வொன்றாக மனிதன்தான் முடிவு செய்யவேண்டும். அந்த முடிவுகள் வீடியோ முழுக்கத் தெரிகின்றன. மூன்று சதுரத்தில் ஒரு சிரிப்பு.

இன்னொரு நல்லதும் நடந்தது. அன்றைய விலையுயர்ந்த முப்பரிமாண வீடியோக்களை இன்று பார்த்தால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கின்றன. இது பழசாகவே பிறந்ததால் மேலும் பழசாகவில்லை.

அக்வா, மீ அண்ட் மை, இவர்களெல்லாம் இதே ஆட்களா?

இல்லை. டென்மார்க்கிலிருந்து டான்ஸ் பாட்டு என்றதும் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடுகிறது. மீ அண்ட் மை என்பது சூசன், பெர்னில் ஜியார்ஜி என்ற அக்கா தங்கை இருவரின் குழு. அவர்களின் 'டப் ஐ டப்' 1995இல் வந்தது. அதுவும் முதல் சிங்கிள், அதுவும் ஹிட், அவர்களும் இருவர், அதனால் குழப்பத்துக்கு நியாயம் உண்டு. 'பார்பி கேர்ள்' பாடிய அக்வாவில் ஆள் அதிகம், நார்வேக்காரப் பாடகியும் உண்டு, வருடம் 1997. 'சாட்டர்டே நைட்' பாடிய விக்ஃபீல்டும் டேனிஷ்தான், ஆனால் அது இத்தாலியில் செய்த பாட்டு. 1994இல் பிரிட்டனில் நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. 'ஃப்ரம் பாரிஸ் டு பெர்லின்' பாடிய இன்ஃபெர்னல் இன்னொரு குழு, 2006இல் பிரிட்டனில் இரண்டாம் இடம்.

இவர்களையெல்லாம் வரிசையாகக் கேட்டால் ஜூனியர் சீனியர் தனியாகத் தெரிவார்கள். மற்றவர்கள் சிந்தசைஸர் வீட்டுப் பிள்ளைகள். இவர்கள் கிட்டார் வீட்டிலிருந்து ஓடிவந்தவர்கள்.

டென்மார்க்காரர்கள் ஏன் ஆங்கிலத்தில் பாடுகிறார்கள்?

2003இல் நாட்டின் மக்கள்தொகை ஐம்பத்து நான்கு லட்சத்தை ஒட்டித்தான். டேனிஷில் பாடினால் சந்தை அதோடு முடிந்தது. ஆங்கிலம் அங்கே பள்ளியிலேயே நன்றாக வந்துவிடும். டேனிஷில் பாடி உள்ளூரில் பெரிய பெயர் எடுத்தவர்களும் நிறைய உண்டு, நமக்குத்தான் அவர்கள் பெயர் தெரியாது.

அந்த ஆல்பத்தில் வேறு எதைக் கேட்கலாம்?

பதினொரு பாட்டு இருக்கிறது. முதலில் 'ரிதம் பண்டிட்ஸ்' கேளுங்கள். அதை அடுத்த சிங்கிளாக 2003இல் வெளியிட்டார்கள், ஆனால் முந்தைய உயரத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. எனக்கென்னவோ அதன் கிட்டார் இன்னும் பிடிக்கும். 'ஷேக் யுவர் கோகனட்ஸ்' தலைப்பைப் போலவே விளையாட்டு. 'கோ ஜூனியர், கோ சீனியர்' ஆல்பத்தின் வாசல், தங்களையே ஊக்கப்படுத்திக்கொள்கிறார்கள். ஒரே மூச்சில் முழு ஆல்பத்தையும் கேட்டால் தலை கிறுகிறுக்கும். எல்லாப் பாட்டும் ஒரே உற்சாகத்தில் கத்துகின்றன. நான்கு நான்காகப் பிரித்துக் கேளுங்கள்.

அப்படியானால் ஒரே பாட்டோடு முடிந்துபோனவர்கள்தானே?

பட்டியலை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது ஆல்பம் 'ஹே ஹே மை மை யோ யோ' 2005இல் ஜப்பானில் வந்தது. அமெரிக்காவுக்கு வர 2007 ஆகிவிட்டது. அதில் பாடியிருக்கும் விருந்தாளிகளைப் பாருங்கள்: தி பி ஃபிஃப்டி டூஸ் குழுவின் கேட் பியர்சன், சிண்டி வில்சன், மோட்டவுன் காலத்துப் பெண்கள் குழுவான வெல்வெலெட்ஸ், பெண்ணிய பங்க் குழுவான லெ டிக்ர். தங்களுக்குப் பிடித்தவர்களையே கூப்பிட்டுப் பாட வைத்திருக்கிறார்கள். ஹிட் கொடுத்த காசை இதைவிட நல்லபடியாகச் செலவழிக்க முடியாது என்று எனக்குத் தோன்றும். ஆல்பம் பெரிதாக விற்கவில்லை. 2008இல் குழுவைக் கலைத்துவிட்டார்கள்.

அப்புறம் என்ன ஆனார்கள்?

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. சீனியர், அதாவது யெப்பே லௌர்சன், மற்றவர்களுக்குப் பாட்டு எழுதப் போனார். லேடி காகாவோடு சேர்ந்து 'பார்ன் திஸ் வே' எழுதியவர் அவர்தான், தயாரிப்பிலும் அவர் பங்கு உண்டு. 2011 பிப்ரவரியில் வந்து அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் நேராக முதலிடம் பிடித்த பாட்டு. அந்தப் பட்டியலின் வரலாற்றில் முதலிடத்துக்கு வந்த ஆயிரமாவது பாட்டும் அதுவே. இப்படித்தான் பிறந்தேன், அதில் வெட்கம் எதுவும் இல்லை என்று தன்பால் ஈர்ப்பாளர்கள் உலகம் முழுக்கத் தங்கள் கீதமாக எடுத்துக்கொண்ட பாட்டு. முதல் ஆல்பத்தில் அதே விஷயத்தைக் கிண்டலாகப் பாடிக் கடந்துபோன மனிதர் ஒன்பது வருடம் கழித்து அதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல உதவியிருக்கிறார்.

அட்டையில் பாடகராகப் பெயர் வராத அந்தக் கள்ளக்குரல்காரர் தாமஸ் ட்ரோல்சன்? அவரும் சளைக்கவில்லை. ஜெர்மனியின் மோன்ரோஸ் பெண்கள் குழு 2007இல் பாடிய 'ஹாட் சம்மர்' அவர் சேர்ந்து எழுதியது. 2011இல் கொரியாவின் எஃப் எக்ஸ் குழு அதைக் கொரிய மொழியில் பாடி ஹிட் ஆக்கியது. கே-பாப் பிடிக்கும் உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பாட்டு தெரிந்திருக்கும். அதை எழுதியவரின் குரலை நீங்கள் அதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?

பாட்டைத் தாராளமாகப் போடலாம். பிறந்தநாள் விழாவில் நாற்காலிப் போட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது. வீடியோவை மட்டும் முதலில் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள், கார்ட்டூன் சேட்டை கொஞ்சம் அதிகம். ஆல்பத்தை அப்படியே ஓடவிட்டுவிட்டு சமையலறைக்குப் போய்விட வேண்டாம். ஒன்றிரண்டு பாட்டுத் தலைப்புகளைப் பிள்ளைகள் அர்த்தம் கேட்டால் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும்.

எதில் கேட்டால் நன்றாக இருக்கும்?

போன் ஸ்பீக்கரில் வேண்டாம். அதில் பேஸ் காணாமல் போய், கூச்சல் மட்டும் மிஞ்சும். சுமாரான ஹெட்போன் போதும். முதல் தடவை எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாம் தடவை கூரையில் தொங்கும் அந்தக் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்.